மூடிமேல் வைத்த கை

கழிவுநீர் நிலையத்தின் கசடுத் தொட்டிக்குள் இறங்கிச் செத்துப்போனார் பவுனம்மாளின் கணவர் ஏகாம்பரம். "குடிச்சிட்டு விழுந்தான். உள்ளே வாயுவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்று பழியை அவர்மேலேயே போட்டார் மேனேஜர் தணிகாசலம். செத்தவர் எழுந்துவந்து மறுக்கவா போகிறார்? பவுனம்மாளுக்கும் அங்கேதான் வேலை.

சாவை விசாரிக்க அதிகாரியம்மா வரும் நாளில், கசடைப் பிழியும் மெஷின் நின்றுவிட்டது. தொட்டிக்குள்ளே குழாயில் அடைப்பு.

"அவங்க வர்றதுக்குள்ள இறங்கி எடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார் மேனேஜர்.

பவுனம்மாள் அதிகாரியம்மா வரும்வரை அசையவில்லை. வந்ததும் தொட்டி மூடியில் கை வைத்தாள். "மெஷின் ஏன் ஓடலைன்னு காட்டுறேன். திறந்ததும் நல்லா குனிஞ்சு பாருங்கம்மா."

மேனேஜர் பாய்ந்து வந்து மூடியை அமுக்கினார். "மேடம், கிட்ட போகாதீங்க. விஷவாயு, ஆளைக் கொன்னுடும்."

பவுனம்மாள் கையை எடுக்காமலே கேட்டாள்: "இதை என் வீட்டுக்காரர்கிட்ட ஏன் சார் சொல்லலை?"