காற்றாலைகளுக்கு நடுவே உள்ள வெளி

பின்னால் நின்ற காற்றாலையின் இறக்கை மறுபடியும் உதறியது. உள்ளே பற்சக்கரத்தில் ஒரு பல் முறிந்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது பல். இனி ஒன்று முறிந்தால் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடப்போவதாக முதலாளி சொல்லியனுப்பினார்.

காற்றும் இரும்பும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கணவாய்க்குக் கீழே காற்றாலை நடுகிற வேலை சுயம்புக்கனியிடம் இருந்தது. அதற்கு முன் அவள் பனை நட்டவள். அவள் நெருக்கி நட்ட பனைகளில் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. அதைச் சொல்லும்போது அவள் குரல் சற்று உயரும். காற்றாலைகளையும் அப்படியே, இறக்கைகள் உரசாத அளவுக்கு மட்டும் இடம் விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக நட்டிருந்தாள்.

முன்னால் நின்ற காற்றாலை மூத்தவள்; அவள் சிரித்தாள். "ஆடிக்காத்துல நிக்கத் தெரியாதவளை மாவாட்ட அனுப்புங்க."

பின்னால் நின்று பல் முறிந்த இளையவள் அழவில்லை. "எவ்வளவு வேகமா வந்தாலும் நிப்பேன் யக்கா," என்றாள் சுயம்புக்கனியிடம். "ஆனா எனக்கு நேர்க்காத்து வரல. மேல் இறக்கையைத் தள்ளுது, கீழ் இறக்கையை விட்டுருது. அடுத்த நொடியே மாத்திச் செய்யுது."

சுயம்புக்கனி தன் அளவு தப்பாது என்றாள். காற்றிடமே போய்க் கேட்டாள். தான் மலையைத் தாண்டி நேராகத்தான் வருவதாகக் காற்று கோபித்துக்கொண்டது. "முன்னால நிக்கிறவதான் என்னைக் கடைஞ்சு அனுப்புதா. நான் தெளிய இடம் வேண்டாமா தாயி?"

அவள் முந்தானையில் ஒரு துண்டு கிழித்து மூங்கில் கழி நுனியில் கட்டினாள். மூத்தவளுக்கு முன்னால் பிடித்தபோது துணி நேராகப் பறந்தது. பின்னால் பிடித்தபோது சுருண்டு, கழியைச் சுற்றி, அவள் முகத்திலேயே அடித்தது. வேலையாட்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் கழியோடு காற்று போகும் பக்கமே நடந்தாள். சோளக்காட்டைத் தாண்டி வெகுதூரம் போனபின் துணி மறுபடி நேரானது. அங்கே குதிகாலால் மண்ணில் குழித்தாள்.

"என் அளவு பனைக்குச் சரி," என்றாள். "இவளுக்கு இதுதான் அளவு."

இளையவளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே நட்டார்கள். அதன்பின் ஆடி முடியும்வரை ஒரு பல்லும் முறியவில்லை. மூத்தவளுக்குச் சமமாகச் சுற்றினாள். கணவாய்க்குக் கீழே காற்றாலைகள் இன்றும் கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் தனித்தனியே நிற்கும் வழக்கம் அந்தக் குதிகால் குழியில் தொடங்கியதுதான்.

ஆவணியில் ஒருநாள் காற்று ஆடியைவிட வலுத்தது. மூத்தவளைக் கடந்து கலங்கிய காற்று சோளக்காட்டையும் தாண்டி இளையவள்மேல் சாய்ந்தபோது, மூத்தவள் தன் முகத்தை ஒரு விரல்கடை அளவு ஓரமாகத் திருப்பிக்கொண்டாள். கலங்கிய காற்று இளையவளைத் தொடாமல் விலகிப் போனது.