தேக்கிலையில் இன்னொரு வரி

தேக்கும் மூங்கிலும் அடர்ந்த ஒரு காட்டில், ஆற்றங்கரை வளையொன்றில், நஞ்சப்பன் என்ற கீரி குடும்பத்தோடு இருந்தான். பிள்ளைகளே, அவன் நல்லவன்தான். பெண்டாட்டி பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தான். ஆனால் எதையும் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. இரண்டு முட்டை கிடைத்தால் எது பெரியது, எது புதியது என்று உருட்டி உருட்டிப் பார்ப்பான். முடிவுக்கு வருவதற்குள் இரண்டிலும் எறும்பு ஏறியிருக்கும். அப்போதும் எதில் எறும்பு குறைவு என்றுதான் பார்ப்பான்.

அந்த வருடம் ஆடி பிறந்ததுமே மலைமேல் மழை பிடித்துக்கொண்டது. ஆறு நாளுக்கு நாள் கலங்கி, பழுப்பேறி, கரையை நக்கத் தொடங்கியது. இன்னும் ஏழு நாளில் வெள்ளம் வரும் என்று தவளைகள் சொல்லிவிட்டன. வந்தால் வளை முழுகிவிடும். பக்கத்துக் கரட்டுக் குன்றின் உச்சியில் ஒரு பாறைப் பொந்து காலியாக இருந்தது. அங்கே குடிபோய்விட்டால் பிழைத்தார்கள். ஆனால் நடுவில் வழுக்குமேடு என்று ஒரு செம்மண் ஏற்றம் உண்டு. மழை பெய்தால் அதில் கால் நிற்காது. நான்கு குட்டிகளில் கடைசிக் குட்டிக்குப் பின்னங்கால் ஒன்று விளங்காது.

நஞ்சப்பனின் மனைவி மாராத்தாள் சொன்னாள்: "ஏனுங்க, ஆறு பேரும் ஒண்ணா ஏறிப் போற மாதிரி ஒரு வண்டி பாருங்க. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கற வண்டியா இருக்கோணும். வழுக்குமேடு ஏறுனாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

"அதை நான் பாத்துக்கறேன் மாரா. நாலு வண்டியைப் பாத்து, ஒப்பிட்டு, நல்லதா எடுத்துட்டு வர்றேன்" என்றான் நஞ்சப்பன். அவனுக்கு வாயெல்லாம் பல்.

காட்டின் நடுவே, தடம் எதுவும் போகாத இடத்தில், ஒரு கழுதைப்புலி வண்டிக்கடை வைத்திருந்தது. நஞ்சப்பன் அங்கே போய்ச் சேர்ந்தபோது நல்ல பகல். ஆனாலும் கடையைச் சுற்றி மூடுபனி அசையாமல் நின்றது. வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்த மைனாக்கள் அங்கே சத்தம் காட்டவில்லை. நஞ்சப்பனுக்கு முதுகு மயிர் தானாகச் சிலிர்த்தது. ஏனென்று அவன் யோசிக்கவில்லை.

பனிக்குள் மூன்று வண்டிகள் வரிசையாக நின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். மூன்றும் உயரமானவை, தடித்த டயர் போட்டவை, ஆறு பேர் தாராளமாக உட்காரக் கூடியவை. அவற்றின்மேல் ஒரு இலைகூட விழுந்திருக்கவில்லை.

"வாங்க வாங்க" என்று சிரித்தபடி வந்தது கழுதைப்புலி. அதன் சிரிப்பு நின்ற பிறகும் எங்கோ பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. "குடும்ப வண்டிங்களா? மூணுமே நாலு சக்கரமும் இழுக்கறதுதானுங்க. பொறுமையா ஒப்பிட்டுப் பாருங்க. அவசரமே இல்லீங்க."

"விலை?"

"அதெல்லாம் கடைசியில பேசிக்கலாமுங்க."

அவசரமே இல்லை என்ற சொல் நஞ்சப்பன் காதில் தேனாக இறங்கியது. உடனே பெரிய தேக்கிலை ஒன்றைப் பறித்து, நகத்தால் கட்டம் கட்டினான். கிழித்த இடமெல்லாம் இலையின் சாறு சிவந்து, அவன் விரல்களும் சிவந்தன.

கடை ஓரத்தில் ஒரு மரத்துண்டு கிடந்தது. அதில் ஒரு கடமானும் ஒரு முள்ளம்பன்றியும் ஒரு எறும்புத்தின்னியும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தேக்கிலை. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடமானின் கொம்பில் பாசி படர்ந்திருந்தது.

"எத்தனை நாளா பாக்கறீங்க?" என்று கேட்டான் நஞ்சப்பன்.

"போன மழைக்கு வந்தேன்" என்றது கடமான். "சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுலதான் நிக்குது. ஒரே ஒரு சின்னச் சந்தேகம்."

நஞ்சப்பனுக்கு உள்ளம் குளிர்ந்தது. தன்னைப் போல ஒருவரைப் பார்ப்பதே அபூர்வம், இங்கே மூன்று பேர்! அவர்களுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டான்.

இரண்டாம் நாள் மூன்று வண்டிகளையும் ஓட்டிப் பார்த்தான். கடைக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றிக் குழைத்து வைத்திருந்த சேற்று மேட்டில் சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. வெள்ளை வண்டி சத்தமில்லாமல் ஏறியது. சாம்பல் வண்டி கொஞ்சம் யோசித்து, பிறகு ஏறியது. மாராத்தாள் கேட்டது அவ்வளவுதான். அன்றைக்கே ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நஞ்சப்பன் கிளம்பவில்லை. சிவப்பு வண்டியில் டிக்கி சின்னது. வெள்ளை வண்டியில் டிக்கி பெரியது, ஆனால் மூன்றாம் வரிசை சீட்டில் முட்டி இடிக்கிறது. சாம்பல் வண்டியில் முட்டி இடிக்கவில்லை, ஆனால் மைலேஜ் குறைவு. இலை நிறைந்தது. இன்னொரு இலை பறித்தான்.

மூன்றாம் நாள் மரத்துண்டில் கடமானைக் காணோம்.

"அவரு முடிவு பண்ணிட்டுப் போயிட்டாருங்க" என்றது கழுதைப்புலி.

"எந்த வண்டி எடுத்தாரு?" என்று ஆவலாகக் கேட்டான் நஞ்சப்பன்.

கழுதைப்புலி சிரித்தது. சாம்பல் வண்டியின் கூரையில் ஜன்னல் இருப்பதைத் திறந்து காட்டியது. நஞ்சப்பன் கடமானை மறந்தான். கூரை ஜன்னலுக்கு ஒரு வரி சேர்க்க வேண்டுமே!

நான்காம் நாள் முள்ளம்பன்றி இல்லை. கழுதைப்புலி ஒரு நீள முள்ளை வைத்துப் பல் குத்திக்கொண்டிருந்தது. வெள்ளை வண்டியின் கால்மிதியடியிலும் இரண்டு முள் கிடந்தன. நஞ்சப்பன் அவற்றை எடுத்துப் பார்த்தான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஓடிவிடலாம் என்று தோன்றியது. பிறகு இலையை எடுத்து, 'வெள்ளை: மிதியடி சுத்தமில்லை' என்று கீறினான்.

ஐந்தாம் நாள் எறும்புத்தின்னியும் இல்லை. அது உட்கார்ந்திருந்த இடத்தில் தேக்கிலை மட்டும் சுருண்டு கிடந்தது. மூன்று பேரும் முடிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று வண்டிகளும் அப்படியே நிற்கின்றன. என்ன பிள்ளைகளே, நீங்கள் கணக்குப் போட்டுவிட்டீர்களா? டயரில் எத்தனை பள்ளம் என்றுகூட எண்ணி வைத்திருந்த நஞ்சப்பன், இதை மட்டும் எண்ணவில்லை.

ஒவ்வொரு சாயங்காலமும் அவன் வளைக்குத் திரும்பிவந்து, "இன்னும் ஒரே நாள் மாரா" என்பான். மாராத்தாள் வாசலில் ஏறியிருக்கும் ஈரத்தைப் பார்ப்பாள்.

ஆறாம் நாள் மதியம் அவளே கடைக்கு வந்துவிட்டாள். மூன்று குட்டிகள் நனைந்து நடுங்கிக்கொண்டு கூடவே வந்தன. கடைசிக் குட்டி அவள் முதுகில் இருந்தது. அதைக் கொடியால் தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

"ஏனுங்க, தண்ணி வளைக்குள்ளாற வந்துருச்சுங்க" என்றாள்.

"நாளைக்குன்னுதானே தவளைங்க சொல்லுச்சு!"

"ஆத்துத் தண்ணி தவளையைக் கேட்டா வருதுங்க? அதை விடுங்க. இந்த மூணுல எது வழுக்குமேடு ஏறும்?"

"மூணுமே ஏறும்."

"அப்ப ஏதாச்சும் ஒண்ணை எடுங்க. போலாம்."

"ஏதாச்சும் ஒண்ணா?" நஞ்சப்பனுக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது. "இத்தனை நாள் நான் ராவும் பகலும் மண்டையைக் குடைஞ்சது ஏதாச்சும் ஒண்ணை எடுக்கறதுக்கா? டிக்கியைத் தொறந்து வெச்சா எதுல மழை உள்ளே அடிக்குதுன்னு மட்டும் பாத்துட்டேன்னா..."

"நாளைக்கு நீல வண்டி ஒண்ணு வருதுங்க" என்றது கழுதைப்புலி, பனிக்குள் எங்கிருந்தோ. "டிக்கி மேலயே கூரை வெச்சது."

நஞ்சப்பனின் கண்கள் விரிந்தன. "கேட்டியா மாரா? ஒரே ஒரு நாள்! புள்ளைங்களுக்கு நல்லதா வாங்கிக் குடுக்கோணும்னு எனக்கு இருக்காதா?"

மாராத்தாள் சுற்றிலும் பார்த்தாள். காலி மரத்துண்டைப் பார்த்தாள். சுருண்ட இலைகளைப் பார்த்தாள். கடைசியாகக் கழுதைப்புலியின் வாயைப் பார்த்தாள். பெட்டைக் கீரிக்கு மோப்பம் அதிகம். அவள் குரல் மெலிந்துவிட்டது.

"இந்த எடம் நல்லாயில்லீங்க. வண்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எங்களோட வந்துருங்க. நடந்தே போலாம். விழுந்தா எந்திரிச்சுக்கலாம்."

"நீ முன்னால போய்ட்டே இரு. நான் வண்டியில வந்து வழியில உங்களை ஏத்திக்கறேன்."

"மேட்டுப் பாதை இன்னிக்கே கரையுதுங்க. நாங்க ஏறுனதுக்கப்புறம் அது இருக்காது. நான் திரும்பி எறங்கி வந்து உங்களைத் தேட முடியாதுங்க."

"எதுக்குத் தேடற? நான்தான் வந்துருவேன்னு சொல்றனே!"

அவள் அழுதாள். ஆனால் நிற்கவில்லை. முதுகிலிருந்த கடைசிக் குட்டி மட்டும் திரும்பி, "அப்பா, எனக்கு எந்த வண்டின்னாலும் பிடிக்கும்" என்று கத்தியது. பனி அவர்களை மூடிக்கொண்டது. நஞ்சப்பனுக்கு அவர்கள் பின்னாலேயே ஓட வேண்டும் என்று கால் பரபரத்தது. நான்கு அடி ஓடவும் செய்தான். ஐந்தாவது அடியில், நீல வண்டிக்கு மூன்றாம் வரிசையில் முட்டி இடிக்குமா என்ற கேள்வி வந்துவிட்டது. நின்றான்.

திரும்பி வந்து மரத்துண்டில் உட்கார்ந்தான். இப்போது அதில் அவன் மட்டும்தான். மழைச் சத்தமும் நின்றுபோன மாதிரி இருந்தது. கழுதைப்புலி மெதுவாக வந்து அவனருகில் உட்கார்ந்தது. அதன் மடியிலும் ஒரு தேக்கிலை.

"நீங்களும் ஒப்பிட்டுப் பாப்பீங்களா?" என்று கேட்டான் நஞ்சப்பன். சந்தோஷமாகத்தான் கேட்டான்.

"பின்னே? தொழில்னா அது வேணுமில்லீங்களா?" என்று இலையை நீட்டியது கழுதைப்புலி.

அதில் நான்கு கட்டங்கள் இருந்தன. மேலே கடமான், முள்ளம்பன்றி, எறும்புத்தின்னி, கீரி என்று எழுதியிருந்தது. பக்கவாட்டில் எடை, கறி, எலும்பு, முள் என்று வரிசை. முதல் மூன்று கட்டங்களும் அடிக்கப்பட்டிருந்தன. நான்காவது கட்டத்தில் கடைசி வரி மட்டும் காலியாக இருந்தது. அந்த வரியின் தலைப்பு: தேடி வர ஆள் உண்டா?

கழுதைப்புலி நகத்தை நீட்டி, அந்த இடத்தில் 'இல்லை' என்று கீறியது. இலை சிவந்தது.

"உங்களுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசந்தானுங்க" என்றது அது. "எனக்கு இலை நெறைஞ்சா, அன்னிக்கே முடிவு பண்ணிருவேன்."

நஞ்சப்பன் குதித்து எழுந்தான். மாராத்தாளின் அழுத முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. இப்போது எல்லாமே அவனுக்குப் புரிந்தது, முள்ளும் பாசியும் காலி மரத்துண்டும்.

கழுதைப்புலி எழுந்திருக்கக்கூட இல்லை. "பயப்படாதீங்க. ஓடறதுன்னா தாராளமா ஓடுங்க. மூணு வண்டியிலயும் சாவி மாட்டித்தான் இருக்கு. வாசலும் தொறந்துதான் இருக்கு. எதுல ஏறினாலும் என்னால பிடிக்க முடியாதுங்க. நான் பத்து வரைக்கும் எண்றேன்."

"ஒண்ணு" என்றது.

நஞ்சப்பன் பாய்ந்தான். சிவப்பு வண்டிதான் பக்கத்தில் இருந்தது. கதவில் கை வைத்தான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் போதும். மூன்று மூச்சில் வழுக்குமேட்டில் இருப்பான், நான்காவது மூச்சில் குட்டிகளை ஏற்றிக்கொள்வான்.

"நாலு."

ஆனால் சிவப்பு உறுமும் வண்டி. கிளப்ப நேரம் ஆகுமே? வெள்ளை சட்டென்று கிளம்பும். கையை எடுத்துவிட்டு வெள்ளையிடம் ஓடினான். வெள்ளையின் கதவு கனம், திறக்க இரண்டு கையும் வேண்டும். சாம்பலின் கதவு லேசு. ஆனால் சாம்பல் மேடு ஏறும்போது கொஞ்சம் யோசிக்கும்.

"ஏழு."

மூன்று வண்டிகளுக்கும் நடுவில் நின்றான் நஞ்சப்பன். உயிர் போகிற அவசரம் என்று அவனுக்குத் தெரியும். கடைசிக் குட்டியின் குரல்கூடக் காதில் விழுந்தது. ஆனாலும் கிளம்பும் வேகத்துக்கு என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தால் இப்போது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று ஆற்றாமையாக இருந்தது. சிவந்த விரலைத் தூக்கி, கையிலிருந்த இலையில் அந்த வரியைக் கீறினான்.

"பத்து" என்றது கழுதைப்புலி.

நீதி: தேவைக்குப் போதுமானது கைக்கு எட்டிய பிறகும் அதைவிட நல்லது எது என்று அலசிக்கொண்டே இருப்பவன், எட்டியதையும் இழப்பான், தன்னையும் இழப்பான்.