வாலடியில் நின்ற உடும்பு

கோடை வந்துவிட்டால் புளியங்காட்டில் கால் வைக்க முடியாது, மண் அப்படிக் கொதிக்கும். அதனால் அங்கயற்கண்ணி என்ற யானை தினமும் காலையில் குளக்கரையிலிருந்து மலையடிவாரம் வரை காட்டு ஜனங்களை முதுகில் ஏற்றிக்கொண்டு போவாள். அவள் வால்தான் படிக்கட்டு. அதைப் பிடித்துத்தான் ஏறவேண்டும், அதைப் பிடித்துத்தான் இறங்கவேண்டும். கண்டக்டர் ஒரு மைனா. ஒரு விசில் அடித்தால் யானை நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும்.

அன்றைக்கு முதல் ஆளாக ஏறியவன் வீரபாகு என்ற உடும்பு. சும்மா இல்லை, பெண் பார்க்கப் போகிறான்! மலையடிவாரத்துப் புற்றில் குழலி என்று ஒரு பெண். அவள் அப்பா கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். உச்சிப்பொழுதோடு நல்ல நேரம் முடிகிறதாம். அதற்குள் வராவிட்டால் கிழக்குப் பாறை மாப்பிள்ளையோடு தாம்பூலம் மாற்றிவிடுவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து வீரபாகுவுக்குத் தூக்கமே இல்லை.

முதுகு முழுக்கக் காலி. நம்ம ஆள் போய் எங்கே நின்றான் தெரியுமா? வாலடியில்! வாசலில் நின்றால்தானே முதலில் இறங்கலாம் என்பது அவன் நினைப்பு.

"அண்ணே, உள்ளே போங்க. காதுப் பக்கமெல்லாம் காத்தாடுது," என்றது மைனா.

"நான் இறங்கணும்ப்பா."

"எங்கே?"

"மலையடிவாரம்."

அதுதான் கடைசி நிறுத்தம். மைனா தலையில் அடித்துக்கொண்டு இரண்டு விசில் கொடுத்தது.

மூங்கில் மேட்டில் ஒரு முயல் குட்டிகளோடு ஏறினாள். அவனை மிதித்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. நாவல் மரத்தடியில் இறங்கிய கீரிகள் இடித்துக்கொண்டும் ஏசிக்கொண்டும் போயின. வழிவிடச் சொன்னார்கள், தள்ளி நிற்கச் சொன்னார்கள். எதுவும் அவன் காதில் ஏறவில்லை. பிடித்த பிடியை விடுவானா உடும்பு? பெண் வீட்டுக்காக எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கிய முதுகெல்லாம் கால் தடம்.

அடுத்தது கள்ளிமேடு. காதோரம் உட்கார்ந்திருந்த முள்ளம்பன்றி எழுந்தார். நல்ல பருத்த உடம்பு. அவர் எழுந்ததுமே கூட்டம் தானாக ஒதுங்கிக்கொண்டது. நேரே வாலடிக்கு வந்தார்.

"தம்பி, கொஞ்சம் இறங்கி ஏறிக்கிறீங்களா? எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் குத்தும்."

மரியாதையாகத்தான் கேட்டார். வீரபாகு அந்த முட்களைப் பார்த்தான். அத்தனை நேரம் விடாத பிடி உடனே விட்டது. கீழே குதித்து நின்றான்.

முள்ளம்பன்றி ஆடி அசைந்து இறங்கிப் போனார். இவன் திரும்ப ஏறுவதற்குள் காட்டுக்கோழிக் கூட்டம் ஒன்று பறந்து வந்து தொற்றிக்கொண்டது. உள்ளே போனார்களா? போவார்களா! அத்தனை பேரும் வாலடியிலேயே நின்றுகொண்டார்கள். உள்ளே தள்ளிப் போகும்படி வீரபாகு கெஞ்சினான். நானும் போகணும், கல்யாண விஷயம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தான்.

"நாங்க அடுத்த நிறுத்தத்துல இறங்கணும். இங்கேதான் நிப்போம்," என்றது ஒரு கோழி.

அந்த நெரிசலில் மைனாவின் கண்ணில் அவன் படவேயில்லை. இரண்டு விசில் அடித்தது. யானை போய்விட்டாள்.

கொதிக்கிற மண்ணில் தத்தித் தத்தி ஓடினான் பாவம். புற்று வாசலை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. உள்ளே கிழக்குப் பாறை மாப்பிள்ளை வறுத்த ஈசலை மென்றுகொண்டிருந்தான். தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. வீரபாகுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குழலி நல்ல பெண். தூரத்திலிருந்து வந்தவன் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று ஒரு கை ஈசல் கொண்டுவந்து கொடுத்தாள். யானை கிடைக்கவில்லையா என்று விசாரித்தாள்.

"கிடைச்சுதுங்க. முதல் ஆளா ஏறினேன். முதல்ல இறங்கணும்னு வாசல்லயே நின்னேன். கள்ளிமேட்டுல வழிவிட இறங்கினேன், யானை போயிடுச்சு," என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

குழலிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்படின்னா ஆசைப்பட்ட மாதிரியே முதல்ல இறங்கிட்டீங்களே!"

ஈசலை வாயில் வைத்திருந்த வீரபாகுவுக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. மறுநாள் திரும்பும்போது யாரும் சொல்லாமலே நேரே யானையின் காதோரம் போய் உட்கார்ந்தான்.

அடுத்தவர் வழியை அடைத்துக்கொண்டு நிற்பவன், கடைசியில் தன் வழியைத்தான் இழக்கிறான்.