கழுவிய தண்ணீரின் எண்

"கத்திக்கிட்டே இருந்த எச்சரிக்கையை நான் நிறுத்திட்டேன் மேடம். அது தப்பா?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

ஜெரால்டின் அவனைவிட வயதில் சிறியவர். ஆனாலும் அவர்தான் அவனுக்குக் குரு. நாற்பது வயதுக்கு மேல் வேலை பறிபோய் வந்து நின்றவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தவர்.

"எதுக்குக் கத்துச்சு?" என்றார்.

அவன் சொன்னான்.

ஒரு பால் சங்கத்துக்காக அவன் தனியாக எழுதிய முதல் புரோகிராம் அது. பாலைச் சோதிக்கும் எந்திரம், சீரியல் போர்ட் கேபிள் வழியாகக் கொழுப்பு அளவைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். புரோகிராமில் ஒரு பகுதி பின்னால் இருந்துகொண்டு அந்தக் கேபிளையே கவனிக்கும். எண் வந்ததும் திரையில் போட வேண்டும்.

போடப்போன போதெல்லாம், திரையைத் தொட உனக்கு உரிமை இல்லை என்று பிழை காட்டிப் புரோகிராம் நின்றுபோனது.

அந்தப் பிழையின் வாயை அடைக்க ஒரு வரி இருந்தது. அதைச் சேர்த்தான். பிழை அடங்கியது. அவன் மேசையில் எல்லாம் ஒழுங்காகவே ஓடியது.

"சங்கத்துல?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தான்.

சங்கத்தில், பால் ஊற்ற வரிசை நின்ற காலை நெரிசலில், திரை அப்படியே உறைந்துவிட்டது. ஒருவர் பாலுக்கும் அடுத்தவர் பாலுக்கும் நடுவே எந்திரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீரின் எண்ணோடு நின்றது திரை. அடுத்து வந்தது அருக்காணி என்பவளின் பால். எந்திரம் அதைச் சரியாகத்தான் அளந்து அனுப்பியது. திரை மாறவில்லை.

செயலாளர் திரையைப் படித்தார். வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏம்மிணி, மாட்டுல கறந்ததா, கொழாயில புடிச்சதா?" என்றார்.

வரிசை சிரித்தது.

அருக்காணி கேனை மூடினாள். கேனைத் தூக்கிக்கொண்டு போனவள், அப்புறம் சங்கத்துப் பக்கமே வரவில்லை.

ஜெரால்டின் திட்டவில்லை. "கேபிளைக் கவனிக்கிறவன் திரையில எழுதக் கூடாது. வந்த சேதியைத் திரைக்குச் சொந்தக்காரன்கிட்ட ஒப்படைச்சிடணும். அவன் தன் முறை வரும்போது எழுதிக்குவான்" என்றார். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நாச்சிமுத்து உட்கார்ந்து மாற்றி எழுதினான். வாயடைத்த அந்த வரியை அழித்தான். எண்களை வேகவேகமாக அனுப்பிப் பார்த்தான். ஒன்றுகூடத் தவறாமல் திரை மாறிக்கொண்டே வந்தது. நெஞ்சில் இருந்த கல் இறங்கினாற்போல் இருந்தது.

"சரியாயிடுச்சு மேடம்."

ஜெரால்டின் வந்து பார்த்தார்.

"திரை சரியாயிடுச்சு" என்றார். லேப்டாப்பை மெல்ல மூடினார்.

மூடிவிட்டு அவன் முகத்தையே பார்த்தார்.

நாச்சிமுத்து அவசரமாகப் பேசினான். செயலாளருக்குப் போன் போட்டுவிட்டதாகவும், தப்பு புரோகிராமில்தான் என்று சொல்லிவிட்டதாகவும், அந்த அம்மாவைப் பார்க்கும்போது சொல்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டதாகவும் சொன்னான்.

"அன்னைக்கு நடந்ததை உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

அவன் காது மடல்கள் சுட்டன.

"யாரும் சொல்லல" என்றான். "நான் அங்கதான் இருந்தேன்."

புரோகிராம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போயிருந்தான். சார் வந்திருக்கிறார் என்று நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். எந்திரத்தின் முகப்பிலும் எண் காட்டும் சின்னத் திரை ஒன்று உண்டு. அதில் அருக்காணியின் பாலுக்கு நல்ல எண் இருந்தது. அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்பு தன் பக்கம் திரும்பும் என்பதும் தெரிந்தது.

டீயைக் குடித்து முடித்தான்.

ஜெரால்டின் மேசையில் கிடந்த அவனுடைய வண்டிச் சாவியை அவன் பக்கமாக நகர்த்தினார்.

அருக்காணியின் வீடு வாய்க்காலை ஒட்டி இருந்தது. அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவனை அடையாளம் தெரிந்தது போலிருந்தது. வாங்க என்று மட்டும் சொன்னாள்.

நாச்சிமுத்து உட்காரவில்லை. திரையைப் பற்றிச் சொன்னான். வாயடைத்த வரியைப் பற்றிச் சொன்னான். நாற்காலியையும் டீயையும்கூட விடவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு பாதியில் உடைந்தது.

"உங்க பால் நல்ல பாலுங்க. தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன்" என்று கை கூப்பினான்.

மாடு குடித்து முடிக்கும்வரை அவள் வாளியைப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"என்ற பாலு நல்ல பாலுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். "அதை ஏனுங்க எங்கிட்ட வந்து சொல்றீங்க?"

நாச்சிமுத்துவின் கூப்பிய கை இறங்கியது.

சாயங்காலப் பால் நேரம். கேனும் தூக்குவாளியுமாக, அன்று சிரித்த ஆட்கள் சங்கத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவன் அவர்கள் பின்னால் நடந்தான்.