கிளேஸ் உறையும் வரை

"மினுங்க மாட்டேங்குது டீச்சர்" என்றார் கஸ்பார்.

மேசையில் அவருடைய மூன்றாவது கேக் இருந்தது. மேலே ஊற்றிய கிளேஸ் என்ற சாக்லேட் பாகு ஓரமெல்லாம் கண்ணாடி. நடுவில் மட்டும் மாடு நக்கியது மாதிரி ஒரு தடம்.

டீச்சர் டெனிட்டாவுக்கு வயது இருபத்தாறு. தூத்துக்குடியில் தன் மாடிவீட்டு அடுக்களையில் கேக் வகுப்பு எடுக்கிறாள். மாணவருக்கு அறுபத்து மூன்று. முப்பத்தைந்து வருஷம் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். துருப்பிடித்த இரும்பை எமரித் தாளால் தேய்த்தே முகம் பார்க்க வைத்துவிடுவார். அதை ஊரில் அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

"தொட்டீங்களா அங்கிள்?"

"தொடலை. ஒரு குமிழி இருந்துச்சு. லேசா நீவி விட்டேன்."

"போன கேக்குல?"

"அதுல ரெண்டு குமிழி."

டெனிட்டா அவரையே பார்த்தாள்.

"எங்க பட்டறையில தேய்க்கத் தேய்க்கத்தான் மினுங்கும் டீச்சர்."

"அப்போ இதையும் எமரித் தாள் போட்டுத் தேயுங்க."

கஸ்பாருக்குச் சுருக்கென்றது. ஆனால் ரோஷப்பட நேரமில்லை.

"நாளைக்குக் காலையில புளோராவுக்குக் கண் ஆபரேஷன். மறுநாள் கட்டுப் பிரிக்காங்க. அன்னைக்கு அவளுக்கு அறுபதாவது பிறந்தநாள்."

புளோரா அவர் மனைவி. கண்ணில் புரை விழுந்து, இரண்டு வருஷமாக அவளுக்கு எல்லாமே புகைக்குள்தான் தெரிந்தது.

"நாப்பது வருஷமா என் பிறந்தநாளுக்கு அவதான் கேக் சுட்டா. அவளுக்கு ஒருத்தரும் சுட்டதில்ல. நானும்தான். கட்டைப் பிரிச்சதும் அவ மொதல்ல பாக்கது மினுங்கணும் டீச்சர்."

டெனிட்டா ஃப்ரீசரைத் திறந்து கல்லாக உறைந்த இன்னொரு கேக்கை எடுத்து வைத்தாள்.

"ஊத்துங்க."

கஸ்பார் கை நடுங்காமல் ஊற்றினார். கிளேஸ் வழிந்து கேக்கை மூடியது. நடுவில் குண்டூசித் தலையளவு ஒரு குமிழி எழுந்தது.

அவர் விரலும் எழுந்தது.

டெனிட்டா இரண்டு தம்ளர்களில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அவருடைய இரண்டு கைகளிலும் கொடுத்தாள்.

"பிடிங்க. ஒரு சொட்டு சிந்தப்படாது."

"எதுக்கு?"

"பிடிங்க."

பிடித்துக்கொண்டு நின்றார். மூக்கு அரித்தது. அதற்கும் வழியில்லை. ஐந்து நிமிஷம் கழித்து டெனிட்டா தம்ளர்களை வாங்கிக்கொண்டாள்.

கேக்கில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. ஜன்னல் தெரிந்தது. மனிதர் முகமும் தெரிந்தது.

"குமிழி எங்க டீச்சர்?"

"அது பாட்டுக்குப் போயிட்டு."

அவர் படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார்.

"வீட்டுல தம்ளரை யாரு டீச்சர் தருவா?"

"உங்க வீட்டுல கையில பிடிக்கதுக்கு வேற ஒண்ணுமே இல்லையா அங்கிள்?"

வழியெல்லாம் யோசித்தார். ஸ்பேனரா? சைக்கிள் பம்ப்பா? ஒன்றும் பிடிபடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலம் புளோரா கண்ணில் கட்டோடு முன்னறை நாற்காலியில் இருந்தாள். கட்டில்லாத கண்ணிலும் புகைதான். தலையை அசைக்கக் கூடாது என்று அவளாகவே முடிவுசெய்து சிலையாக உட்கார்ந்திருந்தாள்.

அடுக்களையில் கஸ்பார் கேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தார். அவரே சுட்டது. இருந்தது அது ஒன்றுதான். ஊற்றினார்.

நட்டநடுவில் ஒரு குமிழி.

கையைப் பின்னால் கட்டினார். அவிழ்ந்துகொண்டது. கக்கத்தில் செருகினார். வெளியே வந்துவிட்டது. விரல் கேக்குக்கு மேலே போய் நின்றது.

"ஏங்க" என்றாள் புளோரா முன்னறையிலிருந்து. "அங்க என்ன பண்ணுதீங்க? சத்தத்தையே காணோம்."

விரல் அப்படியே நின்றது.

கஸ்பார் முன்னறைக்கு வந்தார். முக்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

புளோரா திடுக்கிட்டாள்.

"என்னங்க? டாக்டர் எதும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலை."

"பின்ன என்ன?"

"அஞ்சு நிமிஷம் சும்மா இரு புளோரா."

சும்மா இருந்தாள். உள்ளங்கையில் அடுப்புத் தட்டு சுட்ட பழைய தழும்பு ஒன்று அவர் விரலுக்குத் தட்டுப்பட்டது. அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. கையை விடவும் மனசில்லை.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் போனது. பத்தும் போனது. கால்மணி ஆனது.

"சாக்லேட் வாசம் வருதே. என்னமோ பண்ணிக்கிட்டிருந்தீங்கள்லா, போய்ப் பாருங்க. உறைஞ்சிருக்கும்."

"இல்ல" என்றார் கஸ்பார். "இன்னும் உறையல."