வாத்தியார் பிடித்த கால்

"சாமி, காலைப் பிடிச்சு இழுக்கிறதுன்னா இங்கிலீஷ்ல கேலி பண்றதுன்னு அர்த்தம். ஏன் அப்படி?"

கேட்டவர் தனுஷ்கோடி வாத்தியார். ஆயுள் முழுக்க இங்கிலீஷ் பாடம் நடத்தி, ஓய்வுபெற்று மடத்தில் சேர்ந்தவர். சாமியைவிட வயதில் மூத்தவர். எல்லோரும் விழுந்து கும்பிடும்போது இவர் மட்டும் முட்டி வலி என்று நின்றபடியே கும்பிடுவார்.

சாமி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். "இப்ப எதுக்கு அது?"

"மாசிலாமணிகிட்ட விளையாட்டா ஒண்ணு சொன்னேன்."

மாசிலாமணிதான் மடத்தில் விடிகாலையில் பதிகம் பாடுகிறவர். ராகம் அவரிடம் மாட்டிக்கொண்டு படாத பாடு படும். ஆனால் அந்த மனிதருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

"என்ன சொன்னீங்க?"

"இனிமே நீ பாட வேண்டாம்னு சாமி சொல்லிட்டார்னேன்."

சாமியின் கை நின்றது. "நான் சொல்லலையே."

"அதான் சாமி விளையாட்டு! அவன் மூஞ்சி செத்துப்போச்சு. உடனே, சும்மா உன் காலை இழுத்தேன்யா, இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்லுவாங்கன்னேன். அவன் அதைக் காலை வாரிட்டேன்னு எடுத்துக்கிட்டான். 'சாமிகிட்ட என்னைப் போட்டுக்கொடுத்து என் காலை வாரிட்டு, அதை உங்க வாயாலயே வேற சொல்றீங்களா'ன்னு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டான். கீழ ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கிறான். அவன் போயிட்டா இங்க எனக்குப் பேச ஆளே கிடையாது சாமி."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அகராதியைப் புரட்டினேன்."

"ஓகோ."

"அந்தப் பேச்சு எங்கிருந்து வந்ததுன்னு காட்டிட்டா, என் மேல தப்பில்லைன்னு அவனுக்குப் புரியுமில்ல?"

"எங்கிருந்து வந்ததாம்?" சாமிக்கும் ஆவல்தான்.

"யாருக்கும் உறுதியாத் தெரியலை. அந்தக் காலத்துத் திருடங்க தெருவுல போறவன் காலை இழுத்து விழவெச்சுப் பறிப்பாங்களாம், அதிலிருந்து வந்ததுன்னு சிலபேர் சொல்றாங்க. அதுக்கும் ஆதாரம் இல்லை."

"விழுந்தவன் சிரிச்சானா?"

வாத்தியார் யோசித்தார். "அதைப் பத்தி ஒண்ணும் போடலை சாமி."

சாமி வலது காலை நீட்டினார். "இழுத்துப் பாருங்க. தெரிஞ்சிடும்."

"ஐயையோ, உங்க காலையா?"

"இழுங்க."

ஆவல் யாரை விட்டது! வாத்தியார் வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்தார். கை எட்டவில்லை. முனகிக்கொண்டே மண்டியிட்டு, இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்தார்.

"இழுக்கட்டுமா சாமி?"

"கொஞ்சம் இருங்க. இப்ப யாராவது இந்தப் பக்கம் வந்தா, நீங்க என்ன பண்றதா நினைப்பாங்க?"

வாத்தியார் தன் கைகளைப் பார்த்தார். மண்ணில் ஊன்றியிருந்த முட்டியைப் பார்த்தார்.

"மன்னிப்புக் கேக்கிறதா நினைப்பாங்க."

"முட்டி வலிக்குதா?"

"இல்லை சாமி." அவருக்கு வெட்கமாக இருந்தது.

கீழே சாலை வளைவில் ஹாரன் கேட்டது.

சாமி காலை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"நீங்க பிடிச்சது வேற கால், வாத்தியாரே. ஓடுங்க, அந்தக் கால் பஸ் ஏறிடப் போகுது."