லிஃப்டிலிருந்து ஒரு விண்ணப்பம்

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனி. அதன் மேனேஜர் குருநாதசாமிக்குச் சுருக்கமாக எழுதினாலே பிடிக்காது. கிளார்க் ஜெயக்கொடி, "சரக்கு அனுப்பியாச்சு" என்று எழுதிக் கொடுத்தால் போதும், "வணக்கம் எங்கே? முன்னுரை எங்கே? இனி ஒரு பக்கத்துக்குக் குறைஞ்சா உனக்கு இங்க வேலையில்லை!" என்று திருப்பி எறிவார்.

ஒருநாள் மேனேஜர் ஏறிய லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. ஜெயக்கொடிக்கு வாட்ஸ்அப் வந்தது: "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். ஆள் அனுப்பு!"

அவள் பதில் போட்டாள்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் செய்தியில் வணக்கம் இல்லை. முன்னுரையும் இல்லை. ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதி அனுப்பவும்."

"ஏம்மா, நான் சொன்னது புரிஞ்சுதா இல்லையா?"

"அந்த ஒரு வரியிலேயே புரிஞ்சுது சார். இப்ப கதவைத் தட்டுறது மெக்கானிக்தான்."

பிறகு மேனேஜரிடமிருந்து வந்தது: "நன்றி."

முன்னுரை இல்லாமல்.